பாத்துட்டுச் சொல்லுதேன்

டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார். அதை இன்றுவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வராது.

நான் சொன்னது இவ்வளவுதான். "பிள்ளை அம்மான்னு சொல்லுவா டீச்சர்."

"யாரப் பாத்து?"

மூன்று வயதுப் பிள்ளை அம்மா என்று சொன்னால் யாரைப் பார்த்துச் சொல்லும்? வாசலில் போகிற பஸ்ஸைப் பார்த்தா சொல்லும்? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னையப் பாத்துத்தான்" என்றேன்.

"சரி. பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றவர், என்னை அடுப்படிக்குள் போய் நிற்கச் சொன்னார். நான் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். என் மகள் தரையில் மல்லாந்து கிடந்தாள். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து வாய் நிறையச் சிரித்து, "ம்மா, ம்மா, ம்மா" என்றாள். பிறகு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அவள் முன்னால் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அவள் என் தோளைத் தாண்டி ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பையிலிருந்து நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நாற்பது வயது இருக்கும் அவருக்கு. ஒல்லி. எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை, கருப்புக் குடை, வார் தைத்த தோள்பை. கோவில்பட்டியில் ஓர் ஆபீசிலிருந்து வந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கே ஆள் அனுப்பி, பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆபீஸ் அது. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சீட்டில் 'ஆட்டிசம்' என்று எழுதி, அங்கே போங்கள் என்று அனுப்பியிருந்தார். எங்கள் ஊரிலிருந்து நாகலாபுரம் வரை அப்படி ஒரு சொல்லை யாரும் கேள்விப்பட்டதில்லை. செவ்வாயும் வெள்ளியும் பத்து மணி பஸ்ஸில் வருவார், ஒன்றேகால் பஸ்ஸில் போவார். பெயரைச் சொன்னார்தான். ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

டாக்டர் சீட்டைக் காட்டியபோது அதையும் நம்பவில்லை. "அவிய ஒரு மணி நேரம் பாத்து எழுதியிருக்காவ. நான் ஒரு மாசம் பாக்கணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

யார் எதைச் சொன்னாலும் நம்பாத ஒரு மனுஷி, வாரம் இரண்டு தடவை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டில் இருந்த என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, ஆடுகளைப் பத்திக்கொண்டு போகிற போக்கில் ஜன்னலில் தலையை விட்டுப் பார்ப்பாள். டீச்சர் போன பிறகு என்னிடம் வருவாள்.

"ஏட்டி, பிள்ள எத்தன தடவ வெளிக்குப் போவுதுன்னு கேட்டு எழுதுதாளாமே, அது எதுக்கு?"

"தெரியல மதினி."

"எத்தன மணிக்குத் தூங்குது, எதுக்குப் பயப்படுது, எல்லாம் எழுதுதா. பிள்ளையக் கொண்டுபோயி ஏதும் ஹோம்ல விட்டுருவாளோ? பாத்துக்கோட்டி."

என் வீட்டுக்காரருக்கு வேறு சந்தேகம். அவர் தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை பார்த்தார். பிள்ளையைப் போட்டோ எடுத்து எந்த ஊருக்கோ அனுப்பப்போகிறார்கள் என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். டீச்சர் பையில் கேமரா இருக்கிறதா என்று நானே ஒரு நாள், அவர் கை கழுவப் போன நேரத்தில் துழாவிப் பார்த்தேன். ஒரு சீப்பு, தலைவலி மாத்திரை, ஒரு டப்பாவில் தயிர்சாதம். திரும்பி வந்தவர் பையின் வார் புரண்டு கிடந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று ஊருக்கே தெரியும். பிள்ளைக்கு ஒன்றரை வயதில், கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்கிறாள் என்று முதலில் சொன்னது நான்தான். காது கேட்கவில்லையோ என்றார்கள். மதினி வீட்டு ஆட்டின் கழுத்து மணி தெரு முனையில் கிணுகிணுத்தால் திரும்புகிற பிள்ளைக்குக் காது எப்படிக் கேட்காமல் போகும்? சொன்னேன். "ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று வாயை அடைத்தார்கள். ஒன்றரை வருஷம் யாரும் என் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட எனக்கு டீச்சரைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. என்னைச் சந்தேகப்பட இன்னொருத்தி வந்துவிட்டாளே என்றுதான் இருந்தது.

கயத்தாறு பக்கம் குறி சொல்கிற ஒரு கோடாங்கியிடம் போய்ப் பிள்ளைக்கு இடுப்பில் கயிறு கட்டி வந்தோம். டீச்சர் பார்த்தால் கிழிப்பார் என்று பாவாடைக்குள் மறைத்திருந்தேன். பார்த்துவிட்டார். திட்டவில்லை. "என்னைக்குக் கட்டுனீங்க?" என்று தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டார். "இதுக்கப்புறம் என்ன மாறியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

"நல்லாத் தூங்குதா டீச்சர்."

"மழை பெஞ்சி குளுந்து கெடக்கு. அதுனால இருக்கலாம்ல?"

கோடாங்கியிடம் மட்டும் இப்படியென்றால் கெட்ட எண்ணம் என்று ஒதுக்கிவிடலாம். தன் விஷயத்திலும் அப்படித்தான். பிள்ளை ஒரு வாரமாகத் தட்டில் இருக்கிற சோற்றைத் தானே அள்ளித் தின்றபோது, "நீங்க சொன்ன மாதிரி செஞ்சதுலதான் வந்துச்சு" என்று நான் மனசாரச் சொன்னேன். "ரெண்டு நாளு செய்யாம விட்டுப் பாருங்க. அப்பவும் தின்னான்னா நான் காரணமில்ல" என்றார். பாராட்டைக்கூட வாங்கிக்கொள்ளத் தெரியாத பெண்பிள்ளை.

எல்லாவற்றையும்விட என்னால் தாங்க முடியாதது ஒன்று. வாராவாரம் நான் கேட்பேன். "பேச்சு வந்துருமா டீச்சர்?"

"தெரியாது."

வேறு யாராக இருந்தாலும் வாய் வார்த்தைக்காவது வந்துவிடும் என்று சொல்லியிருப்பார்கள். இவர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே தெரியாது என்பார். அவர் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவோம். அட்டையை வாங்கிவந்து உள்பெட்டி, மேல்பெட்டி என்று மடித்துப் பசை தடவி ஒட்டி, நூற்று நாற்பத்துநாலு பெட்டி ஒரு குரோஸ் என்று எண்ணி ஆபீசில் கொடுக்க வேண்டும். என் மகள் காயப்போட்ட பெட்டிகளை எடுத்து வரிசையாக அடுக்குவாள். நூல் பிடித்த மாதிரி இருக்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், "பேசாட்டி என்ன, என்னா மூளை பாரு" என்பார்கள். எனக்கு அதுதான் ஒரே பெருமை.

டீச்சர் ஒரு நாள் அந்த வரிசையின் நடுவிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். பிள்ளை போட்ட கூச்சலில் மதினி ஆட்டைத் தெருவிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள். டீச்சர் பெட்டியை அதே இடத்தில் வைத்தார். கூச்சல் நின்றது.

"அடுக்குறா, சரி. அதுல ஒங்களுக்கு எடம் இருக்கா? எனக்கு எடம் இருக்கா? யாருக்கும் இல்லல்லா" என்றார். என் ஒரே பெருமையும் போயிற்று.

ஆனால் அந்தப் பெட்டியைத்தான் பிடித்துக்கொண்டார். பசையில் என்ன கலக்கிறீர்கள் என்று முதலில் கேட்டார். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்த விஷம் போடுவோம் என்றதும், "அப்ப இவளுக்கு வெறும் மைதாப் பசையில தனியா ஒட்டுங்க" என்றார். உள்பெட்டி, மேல்பெட்டிக்குள் இறுகப் பிடிக்கிற மாதிரி ஒட்ட வேண்டும். உள்ளே நகத்தளவு கடலை மிட்டாய். பிள்ளைக்குத் தெரிகிற மாதிரி அதை உள்ளே வைத்து மூடிக் கொடுக்க வேண்டும். அவளால் தள்ளித் திறக்க முடியாது. யாரிடமாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மகள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பெட்டிமேல் வைத்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கேக்குதா டீச்சர்!" என்று திறக்கப் போனேன்.

"இருங்க. அவ ஒங்க கையத்தான் எடுத்திருக்கா. கம்ப எடுத்துப் பழம் தட்டுத மாதிரி. ஒங்கள இன்னும் பாக்கல. மூஞ்சியப் பாக்கட்டும், ஒடனே தெறந்து குடுங்க. ஒரு கண்ணு பாத்தாப் போதும்."

எனக்கென்று ஒரு நோட்டுத் தந்தார். நாள்வாரியாகக் கட்டம் போட்டிருந்தது. பெட்டியைக் கொடுத்து முகத்தைப் பார்த்தால் ஒரு டிக். பார்க்காவிட்டால் காலி.

முதல் வாரம் முழுக்கக் காலி. பிள்ளை பெட்டியைத் தரையில் அடித்தாள், கடித்தாள், தலையைச் சுவரில் முட்டினாள். அழுதால் உடனே திறந்து கொடுத்துவிட்டுப் பிறகு பாருங்கள், அழவிட்டுப் பழக்கக் கூடாது என்றுதான் டீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் காலிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னது வேறு.

"மூணு மாசமாச்சு. ஒண்ணத்தையும் காணல. பிள்ளையப் போட்டுப் பாடாப் படுத்துதா. அடுத்த மாசத்தோட வர வேண்டாம்னு சொல்லிரு."

அவர் சொன்னால் சொன்னதுதான். டீச்சர் வராவிட்டால்? எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் என் பிள்ளையை அவர் பார்த்த மாதிரி, கண் கொட்டாமல், வேறு யாரும் பார்த்ததில்லை. அவர் வருவது நின்றுவிட்டால் மகள் ஃபேனைப் பார்த்துக்கொண்டே வளர்ந்துவிடுவாள் என்று பயந்தேன். அதனால் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். நோட்டில் டிக் போட்டேன். முதல் நாள் இரண்டு, அப்புறம் நான்கு, அப்புறம் ஐந்து. வீட்டுக்காரரிடம் காட்டினேன். "பரவாயில்லையே" என்றார்.

அதோடு நிற்கவில்லை. பிள்ளை முட்டிக்கொள்வதைப் பார்க்கப் பொறுக்காமல் பெட்டியையும் மாற்றினேன். உள்பெட்டியின் மடிப்பை ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி ஒட்டினால் போதும், சாய்த்தாலே விழுந்துவிடும். ஒட்டுகிறவளுக்கு மட்டுமே தெரிந்த திருட்டு. மகள் தானே தள்ளித் தின்றுவிட்டுத் தன் பாட்டுக்குப் போனாள். வீடு அமைதியாக இருந்தது.

மூன்று வாரம் எழுதுங்கள், பிறகு பார்க்கிறேன் என்று சொல்லியிருந்த டீச்சர், மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை நோட்டை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்கே. பாத்துட்டுச் சொல்லுதேன்."

பிள்ளையிடம் பெட்டியைக் கொடுத்தார். அவள் ஒரு விரலால் தள்ளி, மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டாள். டீச்சர் காலிப்பெட்டியை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினார். உள்பெட்டி நழுவி அவர் மடியில் விழுந்தது.

"இத கம்பெனியில எடுப்பாங்களா?"

நான் விழுந்த உள்பெட்டியை எடுக்கப் போனேன்.

"இல்ல, தெரியாமத்தான் கேக்குதேன். எனக்குப் பெட்டி ஒட்டத் தெரியாது."

"எடுக்கமாட்டாக" என்றேன். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆங்காரம். "நீங்க வாரத்துல ரெண்டு நாளு வந்து பாத்துட்டுப் போயிருவீங்க. முட்டுத தலைக்கு எண்ணெ தடவுதது நானு. மூணு மாசமா நான் சொன்ன ஒண்ணையாவது நம்புனீங்களா? இனிமே இங்கன வராதீங்க!"

டீச்சர் பென்சிலை என் பக்கம் தள்ளினார். "வரலன்னா போகுது. இந்த டிக்க மட்டும் நீங்களே அடிச்சிருங்க. இவளப் பத்தி இருக்கது இந்த நோட்டு ஒண்ணுதான். அதுலயும் பொய் இருந்தா நாளைக்கு யாரு பாத்தாலும் இவ யாருன்னு தெரியாது."

நான் அடிக்கவில்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு ஒவ்வொரு டிக்காக அடித்தேன். 

பதினோரு வருஷமாகப் பெட்டி ஒட்டுகிறேன், எனக்கு ஒரு பெட்டி கழிவு விழுந்ததில்லை. இது எடுப்பாங்களா என்று ஒருத்தி கேட்டுவிட்டாளே என்ற ஆத்திரம் தாங்கவில்லை. சனிக்கிழமை உட்கார்ந்து, ஒரு நூல் பிசகாமல், இறுக்கமாகப் பத்துப் பெட்டி ஒட்டிக் காயவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். சோற்றை வேண்டாமென்று தள்ளிவிட்ட பிள்ளை பசியோடு வந்தாள். பெட்டியைக் கொடுத்தேன். அடித்தாள். கடித்தாள். என் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். நான் கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இந்தக் கை ஏன் வேலை செய்யவில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து தோள், அப்படியே மேலே ஏறி வந்து, என் மகள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிகூட இருக்காது.  திறந்து கொடுத்தேன். அன்றைக்கு அதோடு சரி. நோட்டில் ஒரு டிக் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. குச்சி காயாது என்று ஆபீசில் லீவு விட்டு வீட்டுக்காரர் வீட்டிலேயே இருந்தார். வராதீர்கள் என்று சொன்னதால் நான் யாரையும் எதிர்பார்க்கவில்லை. செருப்பில் ஆளுக்கு ஒரு கிலோ கரிசல் மண் அப்பிக்கொள்கிற தெருவில், மழையில் பஸ் சுணங்கி, மத்தியானம் மூன்று மணி வாக்கில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு டீச்சர் வந்தார்.

"வராதீங்கன்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க. கோவத்துல சொன்னீங்களா, நெசமாச் சொன்னீங்களான்னு பாக்கணும்ல" என்று காலைக் கழுவினார்.

நோட்டை நீட்டினேன். அடித்த டிக்குகளை வீட்டுக்காரர் அப்போதுதான் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "அப்ப இம்புட்டும் பொய்யா? இப்ப என்ன, ஒண்ணே ஒண்ணு போட்டுருக்கு. இது மட்டும் நெசமோ?"

"ஒண்ணுன்னா நெசமா இருக்கும்" என்றார் டீச்சர். மூன்று மாதத்தில் என் பேச்சுக்கு அவர் கொடுத்த அதிகபட்ச மரியாதை அதுதான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை, நான் மிட்டாய் வைத்து மூடியிருந்த ஒரு பெட்டியைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு அவள் அப்பாவிடம் போனாள். இந்த மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட அவளோடு உட்காராத மனுஷன். அவர் கை மேல் பெட்டியை வைத்தாள். அவர் திறக்கப் போனார். டீச்சர் கையைத் தூக்கி நிறுத்தினார். பிள்ளை காத்திருந்து பார்த்தாள். பிறகு நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னட்டி? என்னட்டி வேணும் ஒனக்கு?" என்று அவர் கேட்டார். அவளிடம் அதுவரை எங்களில் யாருமே கேட்காத கேள்வி அது. கண்ணைத் துடைத்துக்கொண்டே பெட்டியைத் திறந்து கொடுத்தார்.

நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு வயிறு எரிந்தது. முட்டிய தலைக்கு எண்ணெய் தடவியவள் நான், டீச்சரைச் சாட்சி வைத்து அப்பாவைப் பார்க்கிறாள். டீச்சர் கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். படியில் நின்று, "நாளைக்கு ஒங்ககிட்ட வருவா, பாருங்க" என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"பாக்காம எப்படிச் சொல்லுதீங்க?"

குடையை விரித்தார். "ஆமா. சொல்லியிருக்கக் கூடாது" என்றுவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

புதன்கிழமை பிள்ளை வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. டிக் போட்டால் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர்கூடச் சந்தோஷப்பட்டிருப்பார். இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்து நோட்டைப் பார்த்தார். "ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல."

என்னை அடுப்படிக்கு அனுப்பவில்லை. பிள்ளையிடம் பெட்டியைக் கொடுத்துச் சோதிக்கவில்லை. நோட்டை மூடி வைத்தார். "நீங்க சொல்லுங்க. இவளுக்கு எப்ப ஆரம்பிச்சாச் சரியா இருக்கும்?"

என்னிடமா கேட்கிறார் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். "இப்ப வேண்டாம் டீச்சர். காலையில அவளுக்கு எதுவும் ஓடாது. மத்தியானம் மூணு மணிக்குப் பசியில வருவா. அப்பத்தான் நிமுந்து பாப்பா."

"நெசமா?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தயிர்சாத டப்பாவை எடுத்துத் திறந்தார். ஒன்றேகால் பஸ் வந்து, தெரு முனையில் ஹாரன் அடித்து, நின்று, போனது. அதை விட்டால் அடுத்தது ஐந்து மணிக்குத்தான். டீச்சர் எழுந்திருக்கவில்லை.